சீஸ் கார்லிக் பிரெட்: நம் சமையலறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்லிக் பிரெட் குறிப்பு எதை எடுத்தாலும் ‘அறை வெப்பநிலையில் உள்ள பட்டர்’ என்றுதான் தொடங்கும். அதை எழுதியவரின் அறை 20 டிகிரியில் இருக்கும். சித்திரை, வைகாசியில் மதுரை வீட்டு அடுப்படி 35-ஐத் தாண்டி நிற்கும். பட்டரோ 32 முதல் 35 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். காலையில் வெளியே எடுத்து வைத்தால் பதினொரு மணிக்குக் கிண்ணத்தில் மஞ்சள் எண்ணெய்தான் இருக்கும். அதில் பூண்டைக் கலந்து தடவினால் கொழுப்பெல்லாம் பிரெட்டுக்குள் இறங்கிவிடும்; அடிப்பக்கம் நமத்துப்போகும், மேலே தனியாக மிஞ்சிய பூண்டு கருகும். நம்ம ஊர் கோடைக்கு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் போதும். விரல் வைத்தால் பள்ளம் விழ வேண்டும், எண்ணெய்ப் பளபளப்பு வரக் கூடாது. ஒருமுறை உருகியதை மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்தாலும் பழைய பதம் வராது, மணல் மணலாக இறுகும். அதைத் தோசைக்கு ஒதுக்கிவிட்டு வேறு துண்டு எடுங்கள்.

வீட்டில் கடைந்த வெண்ணெய் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. அதில் மோர் தங்கியிருக்கும். நன்றாகப் பிழிந்து எடுக்காமல் போட்டால் அந்தத் தண்ணீரே பிரெட்டைச் சொதசொதவென்று ஆக்கிவிடும். பாக்கெட் பட்டரில் உப்பு ஏற்கெனவே இருக்கிறது, சீஸிலும் இருக்கிறது. தனியாக உப்புப் போடுகிற பழக்கத்தை இங்கே விட்டுவிடலாம்.

அடுத்தது பூண்டு. ‘நான்கு பல்’ என்று எழுதியிருந்தால் எந்தப் பூண்டில் நான்கு பல் என்று கேட்க வேண்டும். கீழமாசி வீதியில் கிலோ கணக்கில் வாங்கிவரும் வடநாட்டுப் பூண்டு ஒரு ரகம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு, பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிச் சந்தை வழியாக நமக்கு வருவது, வேறு ரகம். அதன் காரமும் வாசனையும் தூக்கலாக இருக்கும். 100 கிராம் பட்டருக்குச் சாதாரணப் பூண்டில் ஆறேழு பல் என்றால் மலைப்பூண்டில் மூன்று நான்கு போதும். என்னைக் கேட்டால், மலைப்பூண்டைக் குழம்புக்கு வைத்துக்கொள்வதே நல்லது. சீஸோடு போட்டு அதன் வாசனையை மறைப்பதற்கு அவ்வளவு விலை கொடுக்க வேண்டாம்.

பூண்டை எப்படிச் சேர்க்கிறோம் என்பதில்தான் பெரும்பாலான தட்டுகள் கெட்டுப்போகின்றன. மிக்ஸியில் தண்ணீர் விட்டு அரைப்பது முதல் தவறு. ஃப்ரிட்ஜில் இருக்கிறதே என்று இஞ்சி பூண்டு விழுதை எடுப்பது அதைவிட மோசம். பிரெட்டில் பிரியாணி வாசனை வரும். பூண்டை நசுக்கும்போதுதான் அதன் நெடி உருவாகிறது: உள்ளே தனித்தனியாக இருக்கும் அலியின் என்ற சேர்மமும் ஒரு நொதியும் அப்போதுதான் சேர்கின்றன, அந்த நொதி அலியினை நெடியுள்ள அல்லிசினாக மாற்றுகிறது. சூடு பட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். அதனால் பொடியாக நறுக்கி அல்லது இடித்து, ஐந்து பத்து நிமிடம் விட்டு, அப்புறம் அடுப்புக்குக் கொண்டுபோகலாம். ஆனால் எல்லாவற்றையும் பச்சையாகவே கலந்தால் இன்னொரு தொல்லை. பிரெட் சூட்டில் இருப்பதே ஏழெட்டு நிமிடம். அதற்குள் பச்சை வாசம் போகாது. நான் பாதிப் பூண்டை ஒரு ஸ்பூன் பட்டரில் சிறு தீயில் நிறம் மாறாமல் வதக்கி, ஆறவைத்து, மீதிப் பச்சைப் பூண்டோடு சேர்த்துத்தான் கலப்பேன். வதக்கும்போது பொன்னிறம் தாண்டினால் கசப்பு ஏறிவிடும், எவ்வளவு சீஸ் போட்டாலும் அது மறையாது.

மிஞ்சிய பூண்டு பட்டரை மேடையிலேயே விட்டுவைக்காதீர்கள். இது ருசி பற்றிய விஷயம் இல்லை. மண்ணிலிருந்து பூண்டோடு வரக்கூடிய போட்டுலினம் கிருமிக்குக் காற்றுப் புகாத கொழுப்பும் நம் ஊர் வெக்கையும் தோதானவை, அது விஷத்தை உண்டாக்கினாலும் வாசனையில் தெரியாது. ஃப்ரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் ஃப்ரீசருக்கு அனுப்புங்கள்.

பிரெட் வாங்கும்போது பேக்கரியில் ‘சால்ட் பிரெட்’ என்று கேட்டு வாங்க வேண்டும். ‘பிரெட் குடுங்க’ என்று மட்டும் கேட்டால் பல கடைகளில் ஸ்வீட் பிரெட்டையோ மில்க் பிரெட்டையோதான் எடுத்துத் தருவார்கள். சர்க்கரை கூடுதலாக இருப்பதால் சீஸ் உருகுவதற்குள் ஓரமெல்லாம் கறுத்துவிடும். டீக்கடைப் பன்னும் அப்படித்தான். பன் பட்டர் ஜாமுக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, பூண்டுக்கு ஒத்துவராது. மெஷினில் வெட்டிய மெல்லிய ஸ்லைஸ் வேண்டாம். வெட்டாத லோஃபாக வாங்கி முக்கால் இன்ச் கனத்துக்கு நீங்களே அறுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சுட்டதைவிட முந்தைய நாள் பிரெட் நல்லது. ஈரம் குறைந்திருக்கும், பட்டரைத் தாங்கும்.

சீஸில் ஏமாற்றம் எங்கே வருகிறதென்றால், நூல் நூலாக இழுபடும் என்று நினைத்து கியூபையும் ஸ்லைஸையும் வாங்குவதில். அவை பிராசஸ்டு சீஸ். அவற்றில் சேர்க்கிற எமல்சிஃபையர் உப்புகள் வழவழவென்று உருகவைக்கும், இழுபட விடாது. ருசிக்குக் கொஞ்சம் கலந்துகொள்ளலாம், இழுபடுவதற்கு மொசரெல்லாதான் வேண்டும். அதிலும் தண்ணீரில் மிதக்கிற புதிய உருண்டை வேண்டாம், பீட்சாவுக்கென்று விற்கிற ஈரம் குறைந்த கட்டியை வாங்கி வீட்டில் துருவிக்கொள்ளுங்கள். துருவியே விற்கும் பாக்கெட்டில் ஒட்டாமலிருக்க மாவு தூவியிருப்பார்கள், அது உருகுவதைக் கெடுக்கும். லேபிளில் ‘அனலாக்’ என்றிருந்தால் அது பாலுக்குப் பதில் தாவர எண்ணெய் போன்றவற்றைக் கொண்டு செய்தது. விலை ரொம்பக் குறைவாக இருந்தால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பனீரைத் துருவிப் போட்டால் உருகும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். எலுமிச்சைச் சாறு ஊற்றித் திரித்த பனீர் எந்தச் சூட்டிலும் உருகாது, காயத்தான் செய்யும்.

ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன் இருந்தால் 200 டிகிரியில் பத்து நிமிடம் முன்கூட்டியே சூடேற்றிவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். இல்லையென்றால் மெதுவாக ஏறும் சூட்டில் பிரெட் கடக்கென்று காய்ந்துவிடும். ஆறு முதல் எட்டு நிமிடம் ஆகும். சீஸ் கொப்புளித்து எண்ணெய் கக்கத் தொடங்கினால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். வெறும் மைக்ரோவேவ் மோடு இந்த வேலைக்கு ஆகாது.

ஓவன் இல்லாதவர்களுக்குத் தோசைக்கல் தாராளமாகப் போதும். மீன் வறுத்த கல்லாக மட்டும் இருக்க வேண்டாம். பட்டர் தடவிய பக்கத்தைக் கல்லில் கவிழ்த்துத் தீயைக் கூட்டி வைப்பதுதான் இங்கே வழக்கமான தவறு. பூண்டு அரை நிமிடத்தில் தீய்ந்துவிடும். எதுவும் தடவாமல் ஒரு பக்கத்தை முதலில் பொன்னிறமாக வாட்டுங்கள். திருப்பிப் போட்டு, வாட்டிய பக்கத்தின் மேல் பூண்டு பட்டரும் சீஸும். வாட்டிய பக்கம் மொறுமொறுப்பாக இருப்பதால் பட்டர் சட்டென்று உள்ளே இறங்காது. தீயைச் சிறிதாக்கி, கல்லின் ஓரத்தில் நாலைந்து சொட்டுத் தண்ணீர் தெளித்து உடனே மூடிவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் ஆவியில் சீஸ் உருகிவிடும். கடைசி அரை நிமிடம் மூடியைத் திறந்து வையுங்கள், அடி மொறுமொறுப்பாகும். மேலே ஓவன் தரும் பழுப்புப் புள்ளிகள் வராது, ருசிக்கு ஒரு குறையும் இல்லை. பீட்சாவோடு வந்து டப்பாவில் சேர்ந்துகிடக்கும் ஆரிகனோவைச் சீஸ் மேல் தூவாமல் பட்டரிலேயே கலந்துவிடுங்கள். கொத்தமல்லி போடுவதானால் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்த பிறகு.

மாவு பிசைந்து, உள்ளே சோளமும் சீஸும் வைத்து மடிக்கிற ஸ்டஃப்டு வகை என்றால் ஈஸ்டில் கவனம். குறிப்பில் ‘வெதுவெதுப்பான தண்ணீர்’ என்றிருக்கும். மே மாத மத்தியானம் மொட்டை மாடி டேங்கிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் கை வைக்க முடியாமல்கூட இருக்கும்; 55, 60 டிகிரியைத் தொட்டால் ஈஸ்ட் செத்துவிடும். பானைத் தண்ணீரே போதும். ஒன்றரை மணி நேரம் ஊற வை என்ற கணக்கையும் கோடையில் நம்ப வேண்டாம். பல நாள் முக்கால் மணியிலேயே மாவு இரண்டு மடங்காகிவிடும். அதற்கு மேல் விட்டால் புளித்த வாடை வந்து அமுங்கிப்போகும். கடிகாரத்தை விட்டுவிட்டு மாவு எழும்புவதைப் பாருங்கள். வேகவைத்த சோளத்தை வடித்துத் துடைத்துவிட்டு வையுங்கள். மடித்த ஓரத்தை ஈரவிரலால் அழுத்தி ஒட்டாவிட்டால் பாதிச் சீஸ் தட்டில்தான் கிடைக்கும். வேகவைக்கும் முன்பே மேலிருந்து பாதி ஆழம் கீறிவிட்டால் துண்டாகப் பிய்த்து எடுக்கச் சுலபம்.