உப்பைத் தாங்கும் நெல்: மரபணு விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'உப்பைத் தாங்கும் மரபணு' என்று ஒரு செய்தி வந்தால் போதும், அதை விதைக்குள் ஏற்றிவிட்டால் கடலோர நிலமெல்லாம் விளைந்துவிடும் என்று பேச ஆரம்பித்துவிடுகிறோம். எல்லாக் குழப்பமும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

நெல்லில் நன்றாக ஆராயப்பட்ட எஸ்கேசி1 மரபணுவையே எடுத்துக்கொள்வோம். உப்பைத் தாங்கும் வங்காளத்தின் நோனா பொக்ரா ரகத்தில் இதை அடையாளம் கண்டு 2005-இல் வெளியிட்டார்கள். வேர் உறிஞ்சிய நீர் சைலக் குழாய்கள் வழியாக மேலே போகிறது. அந்தக் குழாய்களை ஒட்டிய செல்களில் இந்த மரபணு ஒரு கடத்திப் புரதத்தை உண்டாக்குகிறது. நீரோடு ஏறும் சோடியத்தை அந்தப் புரதம் பாதி வழியிலேயே வெளியே இழுத்துவிடுகிறது. இலைக்குப் போய்ச் சேரும் சோடியம் குறைகிறது. அதன் வேலை அவ்வளவுதான்.

சரி, உப்பைத் தாங்காத ரகத்தில் இந்த மரபணு இல்லையா? இருக்கிறது. ஜப்பானின் கோஷிஹிகாரி ரகத்திலும் உண்டு. புரதத்தில் நான்கு அமினோ அமிலங்கள் மட்டும் மாறியிருக்கின்றன. ஆக, 'அந்த மரபணு இல்லாத ரகம்' என்று எழுதுவது பெரும்பாலும் தப்பு. வடிவம்தான் வேறு.

அப்புறம், உப்பின் அடி ஒன்றல்ல. முதலில் மண்நீரை உறிஞ்சுவதே கடினமாகி, இலையில் சோடியம் சேரும் முன்பே வளர்ச்சி மந்தமாகிவிடும். நாள் போகப் போகத்தான் மூத்த இலைகளில் சோடியம் குவிந்து, நுனியிலிருந்து கருகிக்கொண்டு வரும். எஸ்கேசி1 உதவுவது இந்த இரண்டாவது கட்டத்தில்தான்.

உப்பு பட்டதும் நிறைய மரபணுக்கள் விழித்துக்கொண்டால் அந்தச் செடி நன்றாகப் போராடுகிறது என்று நினைப்பது படித்தவர்களும் செய்யும் தவறு. நாற்றுப் பருவத்தில் ஐஆர்29, எஃப்எல்478 ரகங்களை ஒப்பிட்டபோது, அதிக மரபணுக்கள் தூண்டப்பட்டது உப்பைத் தாங்காத ஐஆர்29-இல். தாங்கும் ரகமான எஃப்எல்478-இல் மாற்றம் குறைவு. செல்லுக்குள் சேதம் அதிகமாக இருப்பதாலேயே கூடப் பல மரபணுக்கள் செயல்படத் தொடங்கலாம். தூண்டப்பட்ட மரபணுக்களின் பட்டியலை மட்டும் வைத்து எது காரணம், எது விளைவு என்று சொல்லிவிட முடியாது.

நாற்றை மட்டும் பார்த்து ரகத்துக்குச் சான்றிதழ் கொடுப்பதும் ஆபத்து. நெல் முளைக்கும்போது ஓரளவு உப்பைத் தாங்கும். இளநாற்றாக இருக்கும்போதும் பூக்கும் தருணத்திலும்தான் தடுமாறும். இந்த இரண்டு பருவங்களிலும் தாங்கும் திறனை ஆளும் மரபணுக்கள் பெரும்பாலும் வேறுவேறு. உப்பைத் தாங்கும் பொக்காளி ரகத்திலிருந்து வந்த, முதல் குரோமோசோமில் உள்ள 'சால்டால்' பகுதி நாற்றைக் காப்பாற்றத்தான் பெயர்பெற்றது. பச்சைப் பசேலென்று நின்ற பயிரில் பூக்கும்போது உப்பு ஏறினால் கதிர் பதராகிவிடும்.

உவரையும் களரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். உவர் நிலத்தில் கரையும் உப்பு அதிகம்; மண் கரைசலின் மின் கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் இருக்கும். களர் நிலத்தில் மண் துகளோடு சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கும், கார அமில நிலை (pH) 8.5-ஐத் தாண்டும், மண் இறுகி நீர் இறங்காது. திருச்சி 1 நெல் களர் நிலத்துக்காக உருவாக்கிய ரகம். கடல்நீர் புகுந்த வயலில் அது அப்படியே கைகொடுக்கும் என்று நம்பி விதை வாங்க வேண்டாம்.

கடைசியாக, இந்த ரகங்கள் மண்ணிலிருக்கும் உப்பைக் குறைக்கும் என்ற நினைப்பு. சோடியத்தை இலைக்குப் போகவிடாமல் தடுக்கும் பயிரை அறுத்தால் வைக்கோலோடு எவ்வளவு உப்பு வெளியேறும்? சொற்பம்தான். கேரளத்தின் பொக்காளி வயல்களில்கூடப் பருவமழை உப்பைக் கழுவிய பிறகுதான் விதைக்கிறார்கள்; அதுவும் மண்ணைக் குவித்து மேடாக்கி, அந்த மேட்டின்மேல்.