போலந்துக்குப் புதிதாக வந்தவர்கள் முதலில் ‘டோம்ப்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்

வந்து இறங்கிய முதல் வாரம் தெருப்பலகை, தபால்பெட்டி, ரயில் அட்டவணை எதைப் பார்த்தாலும் கண்ணைக் கட்டும். ஒவ்வொரு பெயராக மனப்பாடம் செய்யாதீர்கள், வேரைப் பிடியுங்கள். டோம்ப் என்றால் ஓக் மரம், ஓக் தோப்புக்குப் பெயர் டொம்ப்ரோவா. நம் ஆலங்குளம், புளியங்குடி மாதிரி மரத்தை வைத்து வந்த ஊர்ப்பெயர்தான், நாடு முழுக்க இருக்கிறது. எழுதும்போது ஆங்கில ஏ (a) எழுத்துக்குக் கீழே ஒரு சின்ன வால் போடுவார்கள். இந்தச் சொல்லில் அதை ‘ஒம்’ என்று சொல்ல வேண்டும். கொம்பு என்று சொல்லிப் பழகிய நமக்கு இது தானாகவே வந்துவிடும்.

அந்த ஊரைச் சேர்ந்தவர் டொம்ப்ரோஃப்ஸ்கி. நிலபுலன் வைத்திருந்த பிரபுக்கள் ஊர்ப்பெயரோடு ‘ஸ்கி’ சேர்த்துக் குடும்பப் பெயராக்கினார்கள், பிறகு அது எல்லோருக்கும் பரவியது. ஆணுக்கு ஸ்கி, பெண்ணுக்கு ஸ்கா. வாடகை ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் டொம்ப்ரோஃப்ஸ்கி என்றும் அவர் மனைவி டொம்ப்ரோஃப்ஸ்கா என்றும் இருந்தால் எழுத்துப்பிழை என்று பதறாதீர்கள், ஒரே பெயர்தான். தெருவுக்கு வைக்கும்போது அதுவே டொம்ப்ரோஃப்ஸ்கியெகோ ஆகும், ‘டொம்ப்ரோஃப்ஸ்கியின்’ என்று பொருள். 1797இல் எழுதப்பட்ட போலந்து தேசிய கீதத்தில் வரும் தளபதி டொம்ப்ரோஃப்ஸ்கியின் பெயரில் பல நகரங்களில் தெரு உண்டு, அதனால் டாக்சியில் ஏறும்போது எந்த நகரம் என்பதையும் முகவரியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் இன்னும் கவனம் வேண்டும். டொம்ப்ரோவா குர்னிச்சா கட்டோவித்ஸே பக்கம், டொம்ப்ரோவா தர்னோஃப்ஸ்கா தெற்கே தர்னுஃப் பக்கம், டொம்ப்ரோவா பியவொஸ்தோத்ஸ்கா வடகிழக்கு மூலையில். டிக்கெட் எடுக்கும்போது இரண்டாவது சொல்லையும் சேர்த்தே சொல்லுங்கள், வேலைக்கான கடிதத்தில் வெறும் டொம்ப்ரோவா என்றிருந்தால் ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள். சில பெயர்களில் டோம்ப் ‘டெம்ப்’ என்று மாறும்: டெம்பித்ஸா ஊர், டெம்ப்ஸ்கி குடும்பப் பெயர். எல்லை தாண்டிச் செக் நாட்டுக்கோ உக்ரைனுக்கோ போனால் அதே மரம் ‘டூப்’. குரோஷியாவின் டுப்ரோவ்னிக்கிலும் அந்த ஓக்தான் இருக்கிறது.

இது பழகியதும் ‘நோவி’ பக்கம் வாருங்கள், புதிய என்று பொருள். கிராகுஃப் நகரில் இருப்பவர்கள் நோவா ஹூத்தா பகுதி வழியாக டிராமில் போயிருப்பீர்கள். போலந்தில் அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயரான நோவாக் இதே வேர்தான்: ஊருக்குப் புதிதாக வந்தவர்.