திட்டிக்கொண்டே விளையாட ஓர் ஆட்டம்: டிராகன்ஸ் டாக்மாவைத் தொடங்குவோருக்கு

காப்காம் நிறுவனம் 2012 மே மாதத்தில் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவற்றுக்காக வெளியிட்ட 'டிராகன்ஸ் டாக்மா' என்ற வீடியோ கேமை நல்ல ஆட்டம் என்று தயங்காமல் சொல்லிவிட முடியாது. கதையின் நடுப்பகுதி சவசவவென்று நகரும். ஒரே சாலையில் ஒரே கொள்ளைக் கூட்டம் ஒவ்வொரு முறையும் ஒரே பாறைக்குப் பின்னாலிருந்து பாயும். உடன் வருவோர் சொன்னதையே சொல்லிக் காதைத் துளைப்பர். ஆயினும், 'டெவில் மே கிரை' வரிசையில் பணியாற்றிப் பெயர்பெற்ற ஹிதேயாகி இட்சுனோ இதற்கு அமைத்த சண்டைமுறை ஒருமுறை கைக்குப் பழகிவிட்டால், கன்ட்ரோலரைக் கீழே வைக்க மனம் வராது. இந்த வழிகாட்டி 2013-இல் வந்த 'டார்க் அரிசன்' பதிப்பைப் பற்றியது. 2016-இல் கணினிக்கும், 2017-இல் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்கும், 2019-இல் ஸ்விட்சுக்கும் வந்தது இந்தப் பதிப்பே.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. இதன் குறைகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. சில குறைகள் வெறும் கவனக்குறைவின் விளைவுகள். அவற்றை முன்யோசனையால் ஒதுக்கிவிடலாம். வேறு சில, தொல்லை போலத் தோன்றினாலும், நம்மை இழுத்துப் பிடித்து வைத்திருப்பவையே அவைதான். அவற்றையும் ஒதுக்கினால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடும். எதை ஒதுக்குவது, எதைப் பொறுத்துக்கொள்வது என்பதில்தான் திறமை இருக்கிறது.

முதல் வகையில் மிக மோசமானது சேவ் முறை. ஒரு கணக்குக்கு ஒரே கேரக்டர்தான். பல இடங்களில் தனித்தனியாகச் சேமித்து வைக்க வழியில்லை. விடுதியில் தங்கும்போது உருவாகும் செக்பாயின்ட் (திரும்பி வரக்கூடிய சேமிப்பு) மட்டும் தனியாக நிற்கும். நீங்களாகச் செய்யும் சேவும், ஆங்காங்கே ஆட்டம் தானாகச் செய்துகொள்ளும் சேவும் ஒன்றின்மேல் ஒன்றாக எழுதப்பட்டுவிடும். ஆகவே பெரிய பணி ஒன்றை ஏற்பதற்கு முன்னும், கதையில் திரும்ப முடியாத கட்டம் போலத் தோன்றும் இடத்துக்கு முன்னும் விடுதியில் ஓர் இரவு தங்கிவிடுங்கள். தவறு நேர்ந்தால் திரும்பி வர அந்த ஒரு படிதான் உண்டு. இதே காரணத்துக்காக, இடையில் கடினமான 'ஹார்டு' நிலைக்கு மாறும் ஆசையும் வேண்டாம். லெவலும் பொருள்களும் தங்கினாலும் கதை முதலிலிருந்து தொடங்கிவிடும்.

கேரக்டரை உருவாக்கும்போது முகத்தைச் செதுக்குவதில் நேரம் செலவிடுங்கள், தவறில்லை. ஆனால் உடலமைப்பு வெறும் அலங்காரம் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். உடல் கனமாக இருந்தால் அதிகச் சுமை தாங்கும். மெலிந்து குள்ளமாக இருந்தால் ஸ்டாமினா, அதாவது உடல்தெம்பு, விரைவாக மீளும். இந்த ஆட்டத்தில் சுமையும் ஸ்டாமினாவும் எப்போதும் உங்களோடு வாதாடிக்கொண்டே இருக்கும். வழியில் கிடைக்கும் எலும்பு, கல், பழம், இறைச்சி என எல்லாவற்றையும் வாரிப் பைக்குள் போடத் தோன்றும். அரை மணி நேரத்தில் மூச்சிரைக்கத் தள்ளாடுவீர்கள். பொருள்களைத் துணைவர்களிடம் பகிர்ந்து கொடுங்கள். மீதியை விடுதிக் கிடங்கில் வைத்துவிடுங்கள். இறைச்சியும் மீனும் நாள்பட்டால் கெட்டுப்போகும் என்பதால், காற்றுப்புகாக் குடுவை கிடைக்கும்வரை அவற்றைச் சேர்ப்பதில் பயன் இல்லை.

டிராகன் உங்கள் இதயத்தைப் பறித்துச் செல்லும் காசார்டிஸ் என்ற மீனவக் கிராமத்திலிருந்து தலைநகரான கிரான் சோரன் வரை நடக்க வேண்டிய தொலைவு அதிகம். கணினிப் பதிப்பிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும், எத்தனை முறை பயன்படுத்தினாலும் தீராத 'எடர்னல் ஃபெர்ரிஸ்டோன்' தொடக்கத்திலேயே கிடங்கில் காத்திருக்கும். அந்தப் பயணக் கல்லைக் கொண்டு, போர்ட்கிரிஸ்டல் என்ற இலக்குப் படிகம் இருக்கும் இடத்துக்கு நொடியில் போய்விடலாம். முதல் 20 லெவல் வரையாவது அதைத் தொடாதீர்கள் என்பதே என் பரிந்துரை. இது பிடிவாதம் போலப் படலாம், காரணம் இருக்கிறது. இங்கே இரவு என்பது நீலம் பூசிய பகல் அல்ல, மெய்யான இருட்டு. இடுப்பில் தொங்கும் விளக்கின் வெளிச்சம் சில அடி தூரத்தை மட்டுமே காட்டும். அதற்கு அப்பால் கேட்கும் உறுமல் ஓநாயினுடையதா, அதைவிடப் பெரிய ஒன்றினுடையதா என்பது கிட்டே வரும்வரை தெரியாது. ஓடை ஒன்றில் முழுக நனைந்தால் விளக்கு அணைந்துவிடும். எண்ணெய் தீர்ந்தாலும் அதே கதிதான். நகரத்தின் மதில் விளக்குகள் தொலைவில் தெரியும்போது வரும் நிம்மதியை இந்த ஆட்டம் இலவசமாகத் தருவதில்லை; அந்த நீண்ட நடையின் விலையாகத்தான் தருகிறது. எனவே கூடுதலாக எண்ணெய்க் குடுவைகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் நெடும்பயணம் தொடங்காதீர்கள். ஆழ்நீரில் இறங்கவே வேண்டாம், பிரைன் என்ற உயிரி நொடியில் விழுங்கிவிடும். அதே சாலையில் போய்வந்து அலுத்த பிறகு அந்தக் கல்லைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதற்குள் தான் தரவேண்டிய அச்சத்தைச் சாலை தந்து முடித்திருக்கும்.

அடுத்து, 'பான்'கள் எனப்படும் துணைவர்கள். முகாமில் உங்களுக்கென ஒரு பானை நீங்களே உருவாக்குவீர்கள். மேலும் இருவரை ரிஃப்ட் கல் வழியாக அழைத்துக்கொள்ளலாம். அந்த இருவரும் பெரும்பாலும் எங்கோ இருக்கும் வேறு ஒருவர் உருவாக்கியவர்கள். உங்கள் லெவலுக்குச் சமமான அல்லது குறைந்த பானுக்குக் கட்டணம் இல்லை. உயர்ந்தவருக்கு ரிஃப்ட் கிரிஸ்டல் என்ற ஆட்டக்காசைக் கொடுக்க வேண்டும். அழைத்துவந்தவர்களின் லெவல் உங்களோடு சேர்ந்து ஏறாது என்பதைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. மூன்று நான்கு லெவல் கடந்ததும் நன்றி சொல்லி அனுப்பிவிட்டு வேறு இருவரை அழையுங்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது உடையைப் பார்க்காமல் அறிவைப் பாருங்கள்: எந்தப் பணியை முன்பே முடித்தவர், எந்த மிருகத்தோடு போரிட்டவர் என்பதெல்லாம் அவர் விவரத்தில் இருக்கும். சிங்கமும் ஆடும் பாம்பும் கலந்த கிமேராவை அறிந்த பான் சொல்லாமலே அதன் பாம்பு வாலை வெட்டப் போகும். அறியாத பான் முன்னால் நின்று சிங்கத்திடம் அடி வாங்கும்.

இவர்களின் பேச்சுதான் பலரை ஆட்டத்தை விட்டே ஓடவைத்தது. ஓநாய்கள் கூட்டமாக வேட்டையாடும் என்பதை ஒவ்வொரு ஓநாய்க்கும் ஒருமுறை அறிவிப்பார்கள். விடுதியில் இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் பானுடன் உரையாடினால், குறைவாகப் பேசும்படி அறிவுறுத்தலாம். அங்கே நீங்கள் சொல்லும் பதில்கள் அதன் போர்க்குணத்தையும் மாற்றும். 'கார்டியன்' குணம் மேலோங்கினால் பான் உங்கள் முதுகோடு ஒட்டிக்கொண்டு எதிரியை விட்டுவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. அழைத்துவந்த பான்களின் வாயை மட்டும் உங்களால் அடக்க முடியாது. அது அவர்களின் எஜமானர் கையில். ஆனால், நீங்கள் விடுதியில் உறங்கி எழும்போது, யாரோ ஒருவருடன் ஊர் சுற்றிவிட்டு உங்கள் பான் ரிஃப்ட் கிரிஸ்டலும் பரிசும் மதிப்பெண்ணும் கொண்டுவந்து நிற்கும். சிலர் அரிய பொருள் தருவார்கள். சிலர் அழுகிய மீனைக் கட்டிக் கொடுத்தனுப்புவார்கள். என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பதற்காகவே இன்னோர் இரவு தங்கத் தோன்றும். ஆட்டத்தின் முதல் தூண்டில் இதுதான்.

சில எதிரிகளை எவ்வளவு வெட்டினாலும் உயிர்க்கோடு அசையாது. இதைப் பலரும் ஆட்டத்தின் கோளாறு என்று எண்ணுகிறார்கள். உண்மையில் உங்கள் தாக்குதல் எண்ணிலிருந்து எதிரியின் தற்காப்பு எண் ஏறக்குறைய அப்படியே கழிக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 300-இலிருந்து 280 போனால் மிஞ்சுவது 20. ஆயுதத்தை மேம்படுத்தி இன்னொரு 60 சேர்த்தால் மிஞ்சுவது 80. தாக்குதல் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் பலன் நான்கு மடங்கு ஆகிறது. ஆகவே முட்டி மோதுவதற்குப் பதிலாகத் திரும்பி வந்து, பொறுக்கிய எலும்பையும் தோலையும் கடைக்காரரிடம் கொடுத்து ஆயுதத்தை உயர்த்துங்கள். எதிரிகளின் லெவல் உங்களுக்கேற்ப மாறுவதில்லை. தோற்ற இடத்துக்கு ஐந்து லெவல் கழித்துப் போனால் பழைய கணக்கைத் தீர்க்கும் இன்பம் கிடைக்கும்.

வொகேஷன்கள் எனப்படும் போர்த்தொழில்கள் ஒன்பது. ஃபைட்டர் (வாள்வீரர்), ஸ்ட்ரைடர் (கத்தியும் வில்லும் ஏந்துபவர்), மேஜ் (மந்திரவாதி) ஆகிய மூன்றில் ஒன்றைத் தொடக்கத்தில் தேர்ந்தெடுப்பீர்கள். 10-ஆம் லெவலுக்குப் பின் கிரான் சோரன் விடுதியில் மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு லெவலிலும் கூடும் வலிமை அப்போதைய வொகேஷனைப் பொறுத்தது என்பதால், கணக்குப் போட்டே வளர்ப்போர் உண்டு. எனக்கு அது வீண் வேலையாகவே படுகிறது. ஆக்மென்ட் எனப்படும் நிரந்தரத் திறன்களுக்காக மாறுவதுதான் பயன் தரும்: ஃபைட்டரின் 'சைன்யூ' கூடுதலாகச் சுமக்க உதவும், ஸ்ட்ரைடரின் 'ஆர்ம் ஸ்ட்ரென்த்' மிருகத்தின் மேல் தொங்கும்போது ஸ்டாமினா கரைவதைக் குறைக்கும். ஒரு வொகேஷனில் கற்றதை எந்த வொகேஷனிலும் பொருத்திக்கொள்ளலாம்.

தொங்குவது என்றதும், இந்த ஆட்டத்தை மன்னிக்கவைக்கும் இடத்துக்கு வந்துவிட்டோம். பெரிய மிருகம் எதுவானாலும் பிடிக்கும் பொத்தானை அழுத்தி அதன்மேல் ஏறலாம். ஒற்றைக்கண் சைக்ளோப்ஸின் காலைப் பற்றி, முதுகின் மயிரைப் பிடித்து மேலேறிக் கண்ணில் குத்தினால் அது நிலைகுலைந்து தள்ளாடும். கிமேராவில் முதலில் மந்திரம் ஓதும் ஆட்டுத்தலையை முடியுங்கள். பிறகு நஞ்சு உமிழும் வால். கழுகும் சிங்கமும் கலந்த கிரிஃபின் வானில் வட்டமிடும்போது வில்லை நம்பிச் சலிக்காதீர்கள்: மேஜின் நெருப்பு இறக்கையில் பற்றினால் அது தரையில் விழும், மறுபடி எழுவதற்குள் மேலே ஏறிவிடலாம். ஏறியபடியே அது பறந்துவிட்டால் கீழே பார்க்காமல் குத்திக்கொண்டிருங்கள். ஸ்டாமினா தீரும் தறுவாயில் மெனுவைத் திறந்து காளான் சாப்பிடுங்கள். ஆகாயத்தில் தொங்கும் வீரர் நேரத்தை நிறுத்திவிட்டு நான்கு காளான் தின்பது அபத்தம்தான். ஆட்டம் அதை அனுமதிக்கிறது, நாமும் வெட்கப்படத் தேவையில்லை. கோலெம் என்ற கல் பூதம் வந்தால் மட்டும் மேஜ் வேடிக்கை பார்க்க வேண்டும். மந்திரம் அதைத் தொடாது, உடலில் ஒளிரும் வட்டங்களை ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும்.

பணிகளைப் பொறுத்தவரை, அறிவிப்புப் பலகையில் இருப்பதை எல்லாம் எடுத்துப் போடுங்கள். கொல்வதும் சேகரிப்பதும் வழியிலேயே முடிந்துவிடும். ஆள்களைப் பாதுகாத்து அழைத்துச் செல்லும் பணிகளை மட்டும் தள்ளிவிடலாம். அவர்கள் பள்ளத்தில் விழுந்து சாகத் துடிப்பவர்கள். பிரதானக் கதையை நகர்த்தினால் பல துணைப்பணிகள் அறிவிப்பின்றி மறைந்துவிடும் என்பதால், காசார்டிஸில் காணாமல் போன பெண்ணைத் தேடிக் காட்டுக்குப் போகும் பணியை, தலைநகரின் பிரதானப் பணிகளில் இறங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கதையின் முக்கிய கட்டத்தில் டிராகன், உங்களிடம் மிக நெருக்கம் கொண்டவரைப் பணயமாகப் பிடித்துவரும். அந்த நெருக்கத்தை ஆட்டம் கணக்கிடும் விதம் விசித்திரமானது: கடையில் பொருள் வாங்கினாலும் அது கூடும். அதனால் உருக்கமான அந்தக் காட்சியில் டிராகனின் நகங்களுக்கிடையே ஆயுதக் கடைக்காரர் காக்ஸ்டன் தொங்கிக்கொண்டிருந்தார் என்று சிரித்தவர்கள் ஏராளம். அவர்தான் உங்கள் மனத்துக்கு உகந்தவர் என்றால் மறுப்பதற்கில்லை. இல்லையெனில், பின்பகுதியில் கிடைக்கும் 'அரிசன்ஸ் பாண்ட்' மோதிரத்தை வேண்டியவருக்கு நேரத்தோடு கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு நடப்பவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. நடுவில் தூங்கிய கதை கடைசியில் விழித்துக்கொள்கிறது, அதுவரை பொறுங்கள்.

காசார்டிஸ் துறையில் இரவில் நிற்கும் ஓல்ரா என்ற பெண் உங்களை, 'டார்க் அரிசன்' பதிப்பில் சேர்க்கப்பட்ட பிட்டர்பிளாக் தீவுக்கு அழைத்துச் செல்வாள். 50-ஐ ஒட்டிய லெவலுக்கு முன் அங்கே காலூன்ற முடியாது. நீங்கள் கொன்ற உடல்களின் வாடைக்கு வேறு மிருகங்கள் வரும். சில வேளைகளில் கையில் அரிவாளும் விளக்குமாக மரணமே வரும், அதன் ஒரே வீச்சில் உயிர் போய்விடும். அதைக் கண்டால் எதிர்க்காமல் ஓடுங்கள். தீவில் கிடைக்கும் சபிக்கப்பட்ட பொருள்களை ஓல்ரா ரிஃப்ட் கிரிஸ்டலுக்குச் சுத்திகரித்துத் தருவாள். உள்ளே என்ன இருக்கும் என்பது அதிர்ஷ்டம். சேவ் செய்து, சுத்திகரித்து, பிடிக்காவிட்டால் மீண்டும் ஏற்றி முயலும் பழக்கம் இங்கேதான் தொற்றும். பொறுத்துக்கொள்ள வேண்டிய குறையாக நான் இதைக் கருதவில்லை; இது சூதாட்டத்தின் இழுப்பு மட்டுமே. அடியாழத்தில் இருக்கும் இறுதி எதிரியான டேமனை ஒருமுறை வீழ்த்திய பின், சண்டைக்காக அல்லாமல் பெட்டி திறப்பதற்காகவே தீவுக்குப் போகிறீர்கள் என்று தெரிந்தால், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

2024 மார்ச்சில் வந்த இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்கலாமா என்று கேட்போருக்கு: அதுவும் ஒரே சேவ், தொலைவான சாலைகள் என்று பழைய குணங்களை விடாமல் வைத்திருக்கிறது, வெளியானபோது கணினியில் தடுமாறியதற்கும், சில பொருள்களைத் தனிக்காசுக்கு விற்றதற்கும் நிறைய வசை வாங்கியது. முதல் பாகம் தள்ளுபடியில் மிக மலிவாகக் கிடைக்கும்; பழைய கணினியிலும் ஓடும். அதில் முதல் கிரிஃபினை வீழ்த்திய பிறகும் உங்களுக்கு எரிச்சல் மட்டுமே மிஞ்சினால், இரண்டாம் பாகத்துக்குப் பணம் செலவிட வேண்டாம்.