பராமரிப்பு இல்லத்தில் பெருந்தொற்று: பொறுப்புத் தாதியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவில் கொரோனா முதல் அலையில் இறந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்கள். ஒன்ராறியோவில் இப்போது புதிதாகப் பொறுப்புக்கு வரும் தாதியரிடமும் அன்றைய அதே தவறுகளைக் காண்கிறேன். கை கழுவுவது, முகக்கவசம் எல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விடுகிறேன்.

காய்ச்சல் வரட்டும் என்று காத்திருப்பது

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். நான் வேலை செய்த ஓர் இல்லத்தில், ஒரு காலை, பி.எஸ்.டபிள்யூ (முதியவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டிப் பராமரிக்கும் பணியாளர்) ஒருவர் வந்து, அங்கிருந்த ஓர் அம்மாவைப் பற்றி, "அக்கா, அவ இண்டைக்குத் தேத்தண்ணியைத் தொடவே இல்லை" என்றார். பொறுப்பில் இருந்த தாதி வெப்பமானியைப் பார்த்தார்: 37.1. "சரி, பின்னேரம் பார்ப்பம்." அந்த அம்மாவின் அறையில் நான்கு கட்டில்கள், இடையில் துணித்திரை மட்டும். மதியம் சாப்பாட்டுக் கூடத்துக்கும் கூட்டிப் போனார்கள். பரிசோதனை முடிவு வருவதற்குள் அறையில் இருந்த நால்வருக்கும் இருமல்.

வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் உடம்பு சுட்டே ஆக வேண்டும் என்றில்லை. ஒருமுறை 37.8 பாகையைத் தாண்டினாலே, அல்லது அவரவர் வழக்கத்தைவிட 1.1 பாகை ஏறினாலே, அது காய்ச்சல்தான். அதுவும் இல்லாமலே சாப்பாட்டை ஒதுக்குவார்கள், பகலெல்லாம் தூங்குவார்கள், திடீரென்று விழுவார்கள், பேச்சுத் தடுமாறும். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓர் இல்லத்தில் எல்லாரையும் பரிசோதித்தபோது, தொற்று உறுதியானவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் அந்நேரம் அறிகுறியே இல்லை.

ஆகவே ஷிஃப்ட் மாறும்போது பி.எஸ்.டபிள்யூவிடம் ஒன்றைக் கேளுங்கள்: "இன்று யார் வழக்கம்போல் இல்லை?" பெயர் சொன்னதும் அவரைத் தனிமைப்படுத்துங்கள், பரிசோதனை முடிவு பிறகு வரட்டும். வேறு அறை இல்லையா? திரையை இழுத்துவிடுங்கள், பாதுகாப்புக் கவுனும் கையுறையும் வாசலிலேயே இருக்கட்டும், சாப்பாடு கட்டிலுக்கே போகட்டும். சந்தேகம் பொய்யானால் இரண்டு நாள் சிரமம், அவ்வளவுதான்.

அலுவலக அறையிலிருந்தே நடத்துவது

வேண்டாம். தளத்துக்குப் போங்கள்.

ஆட்களைத் தளம் மாற்றி மாற்றி அனுப்புவது

ஒருவர் ஒரே இல்லத்தில்தான் வேலை செய்யலாம் என்ற ஆணை ஒன்ராறியோவில் 2020 ஏப்ரல் 22 முதல் 2022 வரை நடைமுறையில் இருந்தது. ஒரே கட்டடத்துக்குள் அதே ஆளை மூன்று தளங்களுக்கு ஓடவிட்டால் அப்படி ஓர் ஆணையால் என்ன பயன்? தொற்றுள்ள தளத்துக்குத் தனிக் குழு, இரவு ஷிஃப்டிலும்தான். ஓய்வறையும் வேறாக இருக்க வேண்டும்.

குடும்பத்தாரை வெறும் பார்வையாளர் என்று வாசலில் நிறுத்துவது

தினமும் வந்து அம்மாவுக்குச் சோறூட்டும் மகள் பார்வையாளர் அல்ல. அவர் வராவிட்டால் அந்தத் தட்டு அப்படியே திரும்பிப் போகும். கவுன் போடவும் கழற்றவும் பழக்கிவிட்டு உள்ளே விடுங்கள்.