வைரல் லோடு ரிப்போர்ட்: எண்ணைப் படிப்பதும் அதைக் கீழேயே வைத்திருப்பதும்

ஏ.ஆர்.டி. மையத்தில், அதாவது எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில், தரும் வைரல் லோடு ரிப்போர்ட்டில் முக்கியமானது ஒரே வரிதான். ஒரு மில்லி பிளாஸ்மாவில் எச்.ஐ.வி. பிரதிகள் எத்தனை என்பது அங்கே இருக்கும். எண்ணுக்குப் பதிலாக 'டார்கெட் நாட் டிடெக்டெட்' என்று இருந்தால், மெஷினுக்கு வைரஸ் எதுவும் சிக்கவில்லை. '<20' அல்லது '<40' என்று இருந்தால், எண்ணிச் சொல்ல முடியாத அளவுக்குக் குறைவு. இந்த எல்லை மெஷினுக்கு மெஷின் மாறும். போன முறை '<20', இந்த முறை '<40' என்பதைப் பார்த்து இரட்டிப்பாகிவிட்டதாகப் பதற வேண்டாம்.

சிகிச்சை தொடங்கும்போது 2,00,000 இருந்து, ஆறாம் மாதம் 400 என்று வந்தால் மருந்து நன்றாகவே வேலை செய்கிறது. இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும், அவ்வளவுதான். அரசு மையங்களில் இந்தப் பரிசோதனை 6-ஆம் மாதம், 12-ஆம் மாதம், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, இலவசமாக. வெறும் வயிற்றில் போகத் தேவையில்லை. காய்ச்சலோ தடுப்பூசியோ சமீபத்தில் இருந்திருந்தால் ரத்தம் எடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். இரண்டுமே எண்ணைச் சில வாரங்களுக்கு லேசாக ஏற்றலாம்.

உடலுறவின் வழியாகப் பரவுமா என்ற கேள்விக்கு இன்று தெளிவான பதில் உண்டு. 2019-இல் வெளியான பார்ட்னர்-2 ஆய்வில் 782 ஆண் இணைகள். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது, வைரல் லோடு 200-க்குக் கீழே. மற்றவருக்குத் தொற்று இல்லை. ஆணுறையில்லாத 76,088 உறவுகளைக் கணக்கிட்டார்கள். துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. 15 பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தது, ஆனால் வைரஸின் மரபணுவை ஒப்பிட்டபோது அவை வேறு இடத்திலிருந்து வந்தவை. ஆண் பெண் இணைகளிடமும் முந்தைய ஆய்வுகள் இதையே காட்டின. மாத்திரையைத் தவறாமல் போட்டு, கண்டறிய முடியாத நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவில் பரவுவதில்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023-இல் சொன்னது. 1,000 வரை இருந்தால் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்றும் சேர்த்தது.

இது உடலுறவுக்கு மட்டும். ஊசியைப் பகிர்வதற்கும் ரத்த தானத்துக்கும் பொருந்தாது. தாய்ப்பாலில் பரவும் வாய்ப்பு வெகுவாகக் குறையும், பூஜ்யமாவதில்லை. அதனால் குழந்தைக்கான மருந்தை விடக் கூடாது. சிபிலிஸ், கொனோரியா இரண்டுக்கும் ஆணுறைதான் காப்பு.

எச்.ஐ.வி. பரிசோதனை வைரல் லோடு இறங்கிய பிறகும் பாசிட்டிவ் என்றே வரும், அது பார்ப்பது நோய் எதிர்ப்புப் புரதத்தை. வைரஸும் நிணநீர்க் கணுக்களில், குடலில் உள்ள செல்களுக்குள் ஒளிந்தே கிடக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் ரத்தத்துக்குத் திரும்பிவிடும். இந்த ரிப்போர்ட்டை வைத்துக் 'குணமாகிவிட்டது' என்று சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். கூடவே ஹெபடைடிஸ் பி இருப்பவருக்கு இன்னொரு ஆபத்து: எச்.ஐ.வி. மாத்திரையில் உள்ள டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டும் அந்த வைரஸையும் அடக்கி வைக்கின்றன, திடீரென நிறுத்தினால் கல்லீரல் மோசமாகப் பாதிக்கப்படலாம்.

எண் ஏறுவதற்குப் பெரும்பாலான நேரம் காரணம் மாத்திரை விட்டுப்போவதுதான். இன்று பலருக்கும் தரப்படும் டி.எல்.டி. ஒரே மாத்திரை: டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள். மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளைக்கு 4 மணி நேரத்துக்குள் என்றால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

ஒழுங்காகப் போட்டும் ஏறுகிறது என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, நெஞ்செரிச்சலுக்கு என்ன குடிக்கிறீர்கள் என்பதுதான். ஜெலுசில், டைஜின் போன்றவற்றில் உள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்துவைத்துவிடும், மருந்து ரத்தத்தில் சேராது. அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ டி.எல்.டி. போடுங்கள். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதே இடைவெளிதான், சாப்பாட்டோடு என்றால் மட்டும் சேர்த்துப் போடலாம். கர்ப்பிணிகள் இதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் பிரச்சினையில்லை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 மி.கி. இன்னொரு முறை தேவை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர் ஒரு நாளைக்கு 1,000 மி.கி.யைத் தாண்டக் கூடாது. அளவை டாக்டரிடம் சரிபாருங்கள்.

சி.டி.4 வேறு கணக்கு: அது நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை. வைரஸ் அடங்கிய பிறகும் அது மெதுவாகத்தான் ஏறும். மற்ற தொற்றுகளைத் தடுக்கத் தரும் கோட்ரிமாக்சசோலை டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை தொடருங்கள்.

வைரல் லோடு ஒரு முறை 60, 120 என்று எட்டிப்பார்த்து, அடுத்த முறை மறைந்துபோவது சாதாரணம். 1,000 அல்லது அதற்கு மேல் வந்தால் மூன்று மாதம் கவுன்சிலிங்கோடு மாத்திரையைச் சரியாக எடுக்கவைத்து, மீண்டும் பரிசோதிப்பார்கள். விட்டுப்போன நாட்களை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்; மறைத்தால் தேவையில்லாமல் மருந்து மாற்ற நேரிடும். இரண்டாவது முறையும் குறையவில்லை என்றால் மருந்து மாற்றுவது பற்றி மாநில நிபுணர் குழு முடிவு செய்யும். எண் இறங்கும் வரை ஆணுறை கட்டாயம். சந்தேகமிருந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097-ஐ அழைக்கலாம், கட்டணமில்லை.