ஒரு நத்தை மேல் இன்னொரு நத்தை: எப்போது பிரிக்க வேண்டும்?

கடல்நீர்த் தொட்டியில் ஒரு நத்தை இன்னொன்றின் முதுகில் ஏறி உட்கார்ந்தால், பிடித்துப் பிரித்துவிடத்தான் முதலில் தோன்றும். பொறுங்கள். மேலே இருப்பதை விட்டுவிட்டு கீழே இருப்பதைப் பாருங்கள். அது தன்பாட்டுக்கு ஊர்ந்து மேய்ந்தால் பயமில்லை. டர்போ, ட்ரோக்கஸ், அஸ்ட்ரியா வகை நத்தைகள் எல்லாமே அடுத்த நத்தையின் ஓட்டில் படிந்த பாசியையும் சுரண்டித் தின்னும். கண்ணாடியில் பாசி தீர்ந்த தொட்டியில் இது கூடுதலாக நடக்கும். நோரி என்ற உலர்ந்த கடற்பாசித் தாளில் ஒரு சிறு துண்டை ரப்பர் பேண்டால் கல்லில் கட்டி இறக்குங்கள், மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

செரித், நசாரியஸ் வகை நத்தைகள் என்றால் இணைசேர்வதாகவும் இருக்கலாம். சில நாளில் கண்ணாடியில் முட்டை தெரியும்: செரித் வெள்ளை நெளிகோடாக இடும், நசாரியஸ் கண்ணாடி போன்ற சிறு பைகளாக ஒட்டும்.

ட்ரோக்கஸ் இணைசேராது. நீர்மட்டத்துக்கு அருகே ஏறி, விந்தையும் முட்டையையும் புகைபோல நீரில் விடும். ஒன்று தொடங்கினால் மற்றவையும் தொடரும். சிறிய தொட்டியானால் நீர் கலங்கும், ஸ்கிம்மர் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) பொங்கி வழியலாம். காற்றோட்டத்தைக் கூட்டி, நீரைச் சுத்தமாக்கும் கார்பனைப் புதிதாகப் போட்டு, தேவைப்பட்டால் 20% நீர் மாற்றினால் போதும்.

நாலைந்து நசாரியஸ் மணலிலிருந்து கிளம்பி ஒரே நத்தையை மொய்த்தால் உடனே கை வையுங்கள். அவை பிணந்தின்னிகள், வாடை பிடித்துத்தான் வரும். மொய்க்கப்பட்டதை எடுத்து, வாயை அடைக்கும் மூடியை விரலால் தொடுங்கள். உயிருள்ளது உள்ளே இழுத்துக்கொள்ளும். மூடி தளர்ந்து தொங்கி, அழுகல் நாற்றம் அடித்தால் வெளியே போட்டுவிட்டு அம்மோனியா சோதியுங்கள். உயிரோடு இருந்தால் தனிக் கூடையில், தொட்டிக்குள்ளேயே, நிமிர்த்தி வையுங்கள். அஸ்ட்ரியா மணலில் மல்லாந்து விழுந்தால் தானாகத் திரும்ப முடியாமல் சோர்ந்து சாகும், ஆகவே தினமும் ஒருமுறை மணலைப் பாருங்கள். புதிதாக வந்தவை சோர்ந்திருந்தால் பெரும்பாலும் உப்பளவு வித்தியாசம்தான் காரணம்: அவை வந்த நீரில் தொட்டிநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒன்றிரண்டு மணி நேரம் பழக்கி, அந்த நீரின் ஒப்படர்த்தி 1.025-ஐ எட்டிய பின் விடுங்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது நொய்யரிசி போன்ற வெள்ளைக் குட்டி நத்தைகளுக்கு. இவை பிரமிடெல்லிட் ஒட்டுண்ணிகள். சில மில்லிமீட்டர்தான், ஆனால் பெரிய நத்தையின் சாற்றை உறிஞ்சும். பகலில் தேடினால் ஏமாந்துபோவீர்கள். விளக்கணைத்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள்: ஓட்டின் வாய் விளிம்பில் வரிசையாக ஒட்டியிருக்கும். கண்ணாடியில் தனியாகத் திரியும் குட்டிகள் வேறு, அவற்றைக் கொல்லாதீர்கள்.

பாதித்த நத்தையைத் தொட்டிநீர் நிரப்பிய கிண்ணத்தில் வைத்து, மென்மையான பல்துலக்கியால் விளிம்பைத் துடையுங்கள். ஓட்டில் வழவழவென்ற முட்டைப்படலம் இருந்தால் அதையும் தேய்த்தெடுங்கள், விட்டால் மீண்டும் பொரிக்கும். அந்த நீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றாதீர்கள். புதிதாக ஒன்றும் தென்படாமல் போகும் வரை இரவுதோறும் இதைச் செய்யுங்கள். செம்பு கலந்த மருந்துப் பக்கமே போகாதீர்கள், அது நல்ல நத்தைகளையும் சேர்த்துக் கொன்றுவிடும். இனி வாங்கும் நத்தைகளை நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்து, இரவில் வாய் விளிம்பைப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள்.