ஸ்டார் பார்த்து வாங்கியும் கரண்ட் பில் எகிறுதா? ஏசி, ஃபேன், கீசர்ல நாம பண்ற தப்புகள்

மே மாச ரீடிங் எடுத்துட்டுப் போனதும் பாதி வீட்ல ஒரே புலம்பல்தான், "அஞ்சு ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி, கரண்டே இழுக்காதுன்னு சொல்லித்தானே குடுத்தான், இப்ப பாரு எவ்ளோ வந்திருக்குன்னு". கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்லங்க. பெட்டி மேல ஒட்டியிருக்கிற ஸ்டார் லேப்ல வச்சு அளந்தது, அங்க வெயில்ல காயுற மொட்டை மாடி கிடையாது, கதவுக்கடியில விரல் நுழையுற சந்து கிடையாது, அவசர அவசரமா பைப்பை மாட்டிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுற மெக்கானிக்கும் கிடையாது. நம்ம வீட்ல இது அத்தனையும் இருக்கு. கூடுதலா காசு குடுத்து வாங்குன மிச்சம் பெரும்பாலும் வீட்டுக்கு வந்தப்புறம்தான் காணாமப் போகுது.

லேபிள்லேர்ந்தே ஆரம்பிக்கிறேன். எல்லாரும் ஸ்டாரை எண்ணுறாங்க, பக்கத்துல இருக்கிறதை யாரும் படிக்கிறதில்ல. ஐ.எஸ்.இ.இ.ஆர்.னு ஒரு நம்பர் இருக்கும் (இழுக்கிற கரண்டுக்கு எவ்ளோ குளுமை குடுக்கும்னு காட்டுறது, ஜாஸ்தியா இருந்தா நல்லது), வருஷத்துக்கு எத்தனை யூனிட் ஆகும்னு இருக்கும், எந்தக் காலத்துக்கான ஸ்டார்னும் போட்டிருக்கும். அந்தக் காலம் முக்கியம், ஏன்னா ஸ்டார் குடுக்கிற மத்திய அரசு அமைப்பான பி.இ.இ. அப்பப்போ அளவை ஏத்திட்டே வராங்க. 2018-லேர்ந்து ஸ்ப்ளிட் ஏசிக்கு அந்த நம்பர் 4.5 இருந்தா அஞ்சு ஸ்டார், 2022 ஜூலையில அதை 5 ஆக்கிட்டாங்க, அதே மெஷின் ஒரே நாள்ல நாலு ஸ்டாருக்கு இறங்கிடுச்சு. அதனால ஆடித் தள்ளுபடியில பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடறப்போ ஸ்டாரை விட்டுட்டு நம்பரைப் பாருங்க.

அப்புறம் அந்த யூனிட் கணக்கு வருஷத்துக்கு 1600 மணி நேரம் ஓடும்னு வச்சுப் போட்டது. ஒன்றரை டன்ல மூணு ஸ்டாருக்கும் அஞ்சு ஸ்டாருக்கும் வித்தியாசம் சுமாரா 200-லேர்ந்து 250 யூனிட் வரும், யூனிட் 8 ரூபாய்னு வச்சா வருஷத்துக்கு 1600-லேர்ந்து 2000 ரூபாய் மிச்சம். நீங்க ஓட்டுறதே கோடையில ராத்திரி கொஞ்ச நேரம், மொத்தமா 400 மணி நேரம்தான்னா மிச்சம் 500 ரூபாய்க்கு மேல போகாது, விலையில எட்டாயிரம் கூடக் குடுத்திருந்தா அது திரும்பி வர்றதுக்குள்ள ஏசியே போயிடும். வயசானவங்க, கைக்குழந்தை, வீட்லேர்ந்து வேலை பாக்குறவங்க இருக்கிற ரூமுக்கு யோசிக்காம அஞ்சு ஸ்டார் வாங்கலாம். விருந்தாளி வந்தா மட்டும் போடுற ரூமுக்கு மூணு ஸ்டாரே தாராளம்.

தமிழ்நாட்டுல இன்னொரு கணக்கு இருக்கு, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வர்ற ஈபி பில்லோட 500 யூனிட் கோடு. 2024 ஜூலையில வந்த ரேட்படி, 500-க்குள்ள இருக்கிற வரைக்கும் 101-லேர்ந்து 200 வரைக்கும் யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 பைசாதான், 500-ஐ ஒரே ஒரு யூனிட் தாண்டுனாலும் அந்தச் சலுகை போயி அந்த நூறு யூனிட்டுக்கும் ரெண்டு மடங்கு ரேட் விழும், அதாவது அந்த ஒரு யூனிட்டால மட்டும் இருநூறு ரூபாய்க்கு மேல. 501-க்கு மேல வர்ற ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய்க்கு மேலதான். ஏசி இல்லாத மாசத்துல உங்க வீடு 350-ல நிக்குதா 480-ல நிக்குதாங்கிறதைப் பொறுத்துதான் ஏசி உங்களுக்கு எவ்ளோ செலவு வைக்கும்னே தெரியும், ஏசி வாங்குறதுக்கு முன்னாடி பழைய பில்லை எடுத்துப் பாக்குறவங்க ரொம்பக் கம்மி.

டன் விஷயத்துல, அதாவது ஏசி எவ்ளோ பெரிய ரூமைக் குளுமையாக்கும்ங்கிற அளவுல, ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது. நூறு நூத்தி இருபது சதுர அடி ரூமுக்கு "எதுக்கும் இருக்கட்டும்"னு ரெண்டு டன் போட்டா, கம்ப்ரஸர் ஒரே வேகத்துல ஓடுற சாதா ஏசியா இருந்தா சட்டுனு குளுகுளுன்னு ஆக்கிட்டு நின்னுடும், காத்துல இருக்கிற ஈரத்தை எடுக்க நேரமே இருக்காது, ரூம் ஜில்லுன்னு இருந்தும் உடம்பு பிசுபிசுக்கும். இன்னொரு பக்கம் மொட்டை மாடிக்குக் கீழ இருக்கிற 180 சதுர அடி ரூமுக்கு ஒரு டன் போட்டா இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் விடிய விடிய முழு வேகத்துல ஓடும். இன்வெர்ட்டர் ஏசின்னா தேவைக்கு ஏத்த மாதிரி கம்ப்ரஸர் வேகத்தை மாத்திக்கிறது, வேகத்தைக் குறைச்சு ஓடுறப்போதான் அதுல மிச்சமே, அது குறையவே இல்லன்னா இன்வெர்ட்டருக்குக் குடுத்த காசு வேஸ்ட்.

இப்ப மொட்டை மாடி. ஆளுங்க கோட்டை விடறது இங்கதான், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். மேல் மாடி வீடா இருந்தா மே மாசத்துல ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கைத் தொட்டுப் பாருங்க, வெயில் போயி நாலு மணி நேரம் ஆகியும் சூடா இருக்கும். கான்க்ரீட் தளம் பகல் பூரா வெயிலைக் குடிச்சுட்டு ராத்திரி பூரா மெதுவா உள்ள இறக்குது, சரியா நாம ஏசி போட்டுப் படுக்கிற நேரத்துல. அப்போ ஏசி ரூமை மட்டுமா குளுமையாக்குது, தளத்தோட வேற மல்லுக்கட்டிட்டு இருக்கு. இதுக்கு ஏசியில ஒரு ஸ்டார் ஏத்தி பிரயோஜனம் இல்ல, மேல வெள்ளை அடிக்கணும். கூல் ரூஃப் பெயிண்ட் அடிக்கலாம், வெள்ளை டைல்ஸ் ஒட்டலாம், கையில காசு இல்லன்னா சுண்ணாம்புல கொஞ்சம் பசை கலந்து பங்குனியில அடிச்சுவிட்டா கூட அந்தக் கோடை ஓடிடும், மழையில கரையும்தான், அடுத்த வருஷம் திரும்ப அடிச்சுக்கலாம்.

அதுலயும் தப்பு பண்றாங்க. மழைத்தண்ணி ஒழுகுதுன்னு வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிக்கிறப்போ "அழுக்கு தெரியாது சார்"னு ஆள் சொல்றதைக் கேட்டு கரும் சாம்பல் கலர்லயோ செங்கல் கலர்லயோ அடிச்சுடுறாங்க, வெள்ளையில அடிச்சிருந்தா கூலி அதேதான், தளம் எவ்ளோவோ குளுமையா இருந்திருக்கும். இன்னும் சிலர் வெள்ளை அடிச்சுட்டு மூணு வருஷம் கூட்டிக்கூட விடறதில்ல, தூசியும் பாசியும் படிஞ்சு பழையபடி கருப்பாகிடும், கோடைக்கு முன்னாடி ஒரு தடவை தேச்சுக் கழுவுனாலே போதும். ஃபால்ஸ் சீலிங் போட்டா சூடு வராதுன்னு நம்பி லட்சம் செலவு பண்றதும் உண்டு, கொஞ்சம் தடுக்கும், ஆனா சூடு தளத்துக்குள்ள இறங்குனப்புறம் கீழ தடுக்குறதை விட மேலயே திருப்பி அனுப்புறதுதான் செலவும் கம்மி, பலனும் ஜாஸ்தி. மேற்கு ஜன்னலும் இப்படித்தான், கண்ணாடிக்கு உள்ள எவ்ளோ கனமா கர்ட்டன் போட்டாலும் வெயில் ஏற்கனவே உள்ள வந்தாச்சு. வெளியில ஒரு மூங்கில் தட்டியோ பச்சை வலையோ கட்டுங்க.

அடுத்தது மாட்டுற நாள். "ஃப்ரீ இன்ஸ்டலேஷன்"னு வருவாங்க, சீசன்ல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு. பைப்பை இணைச்சப்புறம் உள்ள இருக்கிற காத்தையும் ஈரத்தையும் வேக்குவம் பம்ப் போட்டு உறிஞ்சி எடுக்கணும், அதுக்கு ஒரு இருபது நிமிஷமாவது ஆகும், கேஜ்ல முள் இறங்கி அங்கயே நிக்குதான்னும் பாக்கணும். நெறைய பேர் என்ன பண்றாங்கன்னா அவுட்டோர் வால்வை லேசா திறந்து கேஸை விட்டு அந்தப் பக்கம் புஸ்ஸுன்னு காத்தை வெளிய தள்ளிட்டு நட்டை இறுக்கிடுறாங்க, ஒரே நிமிஷம், "ஓகே சார், கூலிங் பாத்துக்கோங்க"ன்னு கிளம்பிடுவாங்க. அன்னிக்கு கூலிங் வரும்தான். ஆனா உள்ள தங்குன காத்தும் ஈரமும் கம்ப்ரஸருக்கு வேலையை ஏத்தும், நாளாக நாளாக உள்ளயே அரிக்கும். ஆள் வர்றதுக்கு முன்னாடி போன்லயே "வேக்குவம் பம்ப் எடுத்துட்டு வருவீங்கல்ல?"ன்னு கேட்டுடுங்க, முகம் சுளிச்சா சுளிக்கட்டும்.

அவுட்டோர் யூனிட்டை எங்க வைக்கிறதுன்னும் யாரும் யோசிக்கிறதில்ல. கிரில் போட்டு ஷீட் அடைச்ச பால்கனிக்குள்ளயோ ஒண்ணுக்கொண்ணு முகம் பாத்த மாதிரி குறுகலான டக்ட்லயோ வச்சா அது விடுற சூட்டை அதுவே திரும்ப இழுக்கும், வெளியில 38 டிகிரின்னா அதுக்கு மட்டும் 45 டிகிரி மாதிரி. கடலோரம் இருக்கிறவங்க காயில் காப்பரான்னு மட்டும் பாக்காம உப்புக்காத்துக்குத் தாங்குற கோட்டிங் இருக்கான்னும் கேளுங்க, சென்னையில பீச் பக்கத்து வீடுகள்ல காயில்ல ஊசி ஓட்டை விழுந்து கேஸ் போறது சகஜம்.

கேஸ்னதும் ஞாபகம் வருது, வருஷா வருஷம் "கேஸ் கம்மியா இருக்கு சார், டாப்-அப் பண்ணிடலாம்"னு ரெண்டாயிரம் மூவாயிரம் வாங்கிட்டுப் போறாங்களே, அது வண்டியில பெட்ரோல் தீர்ற மாதிரி தீர்ற சமாச்சாரம் இல்ல. மூடுன சுத்து அது, உள்ளயேதான் திரும்பத் திரும்ப ஓடும். கம்மியாச்சுன்னா எங்கயோ லீக், அதைக் கண்டுபிடிச்சு அடைக்காம ஊத்துறது ஓட்டைக் குடத்துல தண்ணி.

ஓட்டுறதுல பெரிய தப்பு 16 டிகிரி. 16 வச்சா சீக்கிரம் கூல் ஆகும்னு ஒரு நம்பிக்கை, சாதா ஏசியில வர்ற காத்து 16-லயும் ஒண்ணுதான் 24-லயும் ஒண்ணுதான், 16 வச்சா நிக்கிறதே இல்ல, அவ்ளோதான். இன்வெர்ட்டர்ல கம்ப்ரஸரை முழு வேகத்துலயே பிடிச்சு வச்ச மாதிரி. ஒரு டிகிரி ஏத்துனா சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம்னு பி.இ.இ. சொல்றாங்க, 2020 ஜனவரியிலேர்ந்து வர்ற ஸ்டார் ஏசி எல்லாம் ஆன் பண்ணதும் 24-லதான் நிக்கணும்னு விதியே இருக்கு, நாமதான் ரிமோட்டை எடுத்து கீழ இறக்குறோம். 26 வச்சு சீலிங் ஃபேனை ரெண்டுல ஓட விடுங்க, போர்வை தேடுவீங்க. இன்வெர்ட்டர் ஏசியை அரை மணிக்கு ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, அது பழைய ஏசி காலத்துப் பழக்கம்.

ஏர் கூலர் வேற கதை. வேலூர், திருச்சி, கரூர் பக்கம் சித்திரை வெயில்ல காத்து காஞ்சு கிடக்கும், அங்க கூலர் அருமையா வேலை செய்யும், 200 வாட்ஸுக்குள்ள முடிஞ்சிடும். அதையே சென்னையிலயோ தூத்துக்குடியிலயோ வாங்கி வச்சா காத்துல ஏற்கனவே ஈரம் ஃபுல்லு, தண்ணி ஆவியாகவே ஆகாது, ரூம்தான் புழுங்கும். கூலர் ஓடுறப்போ ஜன்னலைத் திறந்து வைக்கணும்ங்கிறதும் பல பேருக்குத் தெரியாது, இறுக்கி மூடிட்டு "சரியில்ல"ம்பாங்க. ஏசி ரூம்லயே கூலரையும் ஓட விடறவங்க இருக்காங்க, ஒண்ணு ஈரத்தை ஏத்துது, இன்னொண்ணு காசு செலவு பண்ணி அதை எடுத்து வெளிய ஊத்துது.

ஃபேனைப் பத்தி யாரும் பெருசா பேசுறதில்ல, ஆனா சீக்கிரம் காசு திரும்புறது இதுலதான். சாதா ஃபேன் 75 வாட்ஸ், கரண்ட் கம்மியா இழுக்கிற மோட்டார் போட்ட பி.எல்.டி.சி. ஃபேன் முப்பது கிட்ட. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடுனா ஒரு ஃபேனுக்கு ஒரு பில்லுல 32 யூனிட் மிச்சம், நாலு ஃபேன்னா 130 யூனிட் கிட்ட, 500 கோட்டுக்குக் கீழ வர்றதுக்கு இதுவே போதும் சில வீட்டுக்கு. தப்பு எங்கன்னா, பி.எல்.டி.சி. மாட்டிட்டு பழைய சுவர் ரெகுலேட்டரை அப்படியே விட்டு அதுல ஸ்பீடு குறைக்கிறது, அப்படிப் பண்ணா உள்ள இருக்கிற போர்டு போயிடும். எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லி ரெகுலேட்டரைக் கழட்டி நேரா சுவிட்ச்ல குடுக்கச் சொல்லுங்க, ஸ்பீடெல்லாம் ரிமோட்லதான்.

கீசர்ல ஒரு விஷயம் கேட்டா ஆச்சரியமா இருக்கும், டேங்க் கீசருக்கு ஸ்டார் குடுக்கிறது எதை வச்சுன்னா சூடு பண்ண தண்ணி சும்மா நிக்கிறப்போ எவ்ளோ சூடு வீணாப் போகுதுன்னு பார்த்துத்தான். நீங்க இருபது நிமிஷம் போட்டு குளிச்சு முடிச்சு ஆஃப் பண்ற ஆளா இருந்தா ஸ்டாரால பெருசா வித்தியாசம் வராது, நாள் பூரா ஆன்ல விடற வீட்டுக்குத்தான் அது. 15 லிட்டரை 28-லேர்ந்து 60 டிகிரிக்கு ஏத்த அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல ஆகும், எந்த கீசரா இருந்தாலும். அதனால ஒரு பக்கெட் குளியலுக்கு 25 லிட்டர் டேங்க் வேணாம், 60-க்கு ஏத்திட்டு பச்சைத்தண்ணி விளாவுறதுக்குப் பதிலா தெர்மோஸ்டாட்டை 50-ல வச்சாலே சரியா இருக்கும். டேங்க் இல்லாம உடனே சூடாக்குற இன்ஸ்டன்ட் கீசர்னா கரண்ட் கம்மின்னு சொல்றதையும் அப்படியே நம்பாதீங்க, 3000 வாட்ஸ் இழுக்கும், தண்ணி தேங்கி நிக்காததால வர்ற மிச்சம் மட்டும்தான் அதுல. போர் தண்ணி வீட்ல எலிமென்ட் மேல உப்பு படிஞ்சு கல்லு மாதிரி ஆகிடும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது திறந்து சுத்தம் பண்ணணும்.

சோலார் ஹீட்டர் போட்டவங்க மாடியிலேர்ந்து கிரவுண்ட் ஃப்ளோர் பாத்ரூமுக்கு வெறும் பைப்பை இறக்கிடறாங்க, சுடுதண்ணி வர்றதுக்குள்ள ஒரு பக்கெட் பச்சைத்தண்ணி சாக்கடைக்குப் போகுது. பைப் மேல ஃபோம் உறை போடுங்க, முடிஞ்சா மேல் மாடி பாத்ரூமுக்கு மட்டும் குடுங்க.

பிளக்ல சொருகுனா பில் பாதியாகும்னு விக்கிற பவர் சேவர் டப்பா இருக்கே, வாங்காதீங்க. வீட்டு மீட்டர் எண்ணுறது யூனிட்டை, அந்த டப்பாவால அதுல ஒண்ணும் குறையாது.

ஊட்டி, கொடைக்கானல்ல இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஆயில் ஹீட்டர் கரண்ட் கம்மியா இழுக்கும், ஃபேன் ஹீட்டர் ஜாஸ்தியா இழுக்கும்னு ஒரு பேச்சு ஓடுது. 2000 வாட்ஸ்னா ரெண்டும் 2000-தான், ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் ரெண்டுலயும் கிடைக்கும், ஆயில் ஹீட்டர் ஆஃப் பண்ணப்புறமும் கொஞ்ச நேரம் கதகதன்னு இருக்கும், அது மட்டும்தான் வித்தியாசம். தினமும் ராத்திரி பூரா ஹீட்டர் ஓடுற வீடா இருந்தா ஹாட் அண்ட் கோல்ட் ஏசியை விசாரிங்க, அது வெளிக்காத்துல இருக்கிற சூட்டை உள்ள இழுக்கிறதால ஒரு யூனிட்டுக்கு மூணு யூனிட் அளவுக்குக் கூட சூடு குடுக்கும், ஆனா எத்தனை டிகிரி குளிர் வரைக்கும் வேலை செய்யும்னு மாடலுக்கு மாடல் மாறும், மார்கழியில ஊட்டி பூஜ்யத்துக்குப் பக்கத்துல போகும்ங்கிறதைச் சொல்லிட்டு கேட்டு வாங்குங்க.